கோச்சி ராத்தா

"வந்த பொட்டியில ஜன்னல் எத்தின ஈந்த?" என்று கேட்டுக்கொண்டே ஹபீஸா ராத்தா கோப்பித் தட்டை நீட்டினார். கொழும்பிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் அப்போதுதான் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். மற்றக் காலில் செருப்போடு நின்றபடி கண்ணைக் கூரைப் பக்கம் உருட்டி யோசித்துவிட்டு, "ஒரு பத்து ஈக்கும்" என்றார். கோப்பித் தட்டு இரண்டு அங்குலம் பின்வாங்கியது.

"ஒரு பத்துண்டா? ஒம்பதா, பத்தா, பதினொண்டா?"

மாவனல்லைக் கடைவீதியில் ஜமால்தீன் முதலாளியின் இரும்புக்கடைக்குப் பின்னால் இருக்கிறது அந்த வீடு. ரயிலில் ஏறி இறங்கிவிட்டு அங்கே போகிற எவரும் இந்த விசாரணைக்குத் தப்பியதில்லை. ரயிலுக்கு இந்தப் பக்கத்தில் கோச்சி என்று பேர், அக்காவுக்கு ராத்தா. முதலாளியின் மனைவி ஹபீஸாவுக்குக் கடைவீதி வைத்த பேர் கோச்சி ராத்தா. ஆனால் மாவனல்லைக்குக் கோச்சி கிடையாது. தண்டவாளத்தைக் காண்பதற்கே பஸ் பிடித்து றம்புக்கணைக்குப் போகவேண்டும். நாற்பத்தாறு வயது ஹபீஸா ராத்தா இதுவரை கோச்சியில் ஏறியதில்லை. தனக்குப் போகவேண்டிய ஊருக்கெல்லாம் கடைவாசலிலேயே பஸ் நிற்கும்போது எதற்காக ஏறவேண்டும் என்பார்.

அவருடைய கோச்சி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மேசை முழுவதையும் அது பிடித்துக்கொண்டுவிட்டதால், குடும்பம் ஆறு வருஷமாகப் பாய் விரித்துத்தான் சாப்பிடுகிறது. மேசையின் ஒரு தலைப்பில் உதுவன்கந்த மலை, கடைச் சீமெந்தில். மறு தலைப்பில் கடுகண்ணாவைச் சுரங்கங்கள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். காய்ந்த பீர்க்கங்கூட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பச்சைச் சாயத்தில் முக்கி வரிசையாக நட்டது றப்பர்த் தோட்டம். பிஸ்கட் டின் ஒன்று றம்புக்கணை ஸ்டேஷன். பொம்மை மனிதர்களை வைக்க ராத்தாவுக்கு மனம் வரவில்லை. உருவம் வைத்த வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள். ஆகவே மேடையில் காத்திருக்கும் பயணிகள் எல்லாம் கொத்தமல்லி விதை. முதலாம் வகுப்புக்காரர் மட்டும் ஏலக்காய்.

காத்திருப்பது ஆறு வருஷமாக. ராத்தாவின் தம்பி றஊப் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். அறுபத்தெட்டாம் வருஷம் ஏதோ ஒரு ஜெர்மன் துறைமுகத்துக் கடையில் தள்ளுவிலைக்குக் கிடைக்கிறதென்று தண்டவாளம், கரண்ட் பெட்டி, இஞ்சின் ஆகியவற்றை வாங்கி வந்து அக்காவுக்குக் கொடுத்தார். ஆட்கள் ஏறுகிற பெட்டி ஒன்றாவது வாங்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆறு வருஷமாக இஞ்சின் தனியாக உதுவன்கந்தையைச் சுற்றி வந்து, பிஸ்கட் டின்னுக்கு முன்னால் நின்று, யாரையும் ஏற்றாமல் போய்க்கொண்டிருந்தது.

எழுபத்துநாலாம் வருஷம் மாசி மாதம் றஊப்பின் கடிதம் வந்தது. கூடவே ஒரு கெட்டலொக்கும் இருந்தது. கப்பல் மறுபடியும் அதே துறைமுகத்துக்குப் போகிறது, கடையில் பெட்டிகள் இருக்கின்றன, சுங்கத்தில் பிரச்சினை வராமல் இரண்டு பெட்டி கொண்டுவரலாம், நம்பரைப் பார்த்து எழுதுங்கள், பங்குனி முடிவதற்குள் கடிதம் கிடைக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அப்போது நாட்டுக்குள் வெளிநாட்டுச் சாமான் ஒரு ஊசிகூட வருவதில்லை. கெட்டலொக்கில் நாற்பத்தேழு பெட்டிகளின் கலர்ப் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ராத்தாவின் தூக்கம் அன்றோடு போயிற்று.

அசல் பெட்டி எப்படி இருக்கும் என்று தெரியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்குத்தான் இந்த விசாரணை. ராத்தா கேட்பார், மகள் ஸுலைஹா அப்பியாசக் கொப்பியில் அச்சுப்போன்ற எழுத்தில் எழுதிக்கொள்வாள். ஸுலைஹாவுக்கு இருபத்திரண்டு வயது. "உம்மா, கக்கூசுத் தண்ணி எந்தப் பக்கம் விழுகுதெண்டு மாமி மாமாட்டையெல்லாம் கேக்கிற, எனக்கு வெக்கம்" என்பாள். ஆனால் எழுதாமல் விட்டதில்லை.

ராத்தா மிகவும் நம்பிய சாட்சி, பக்கத்து றப்பர்த் தோட்டத்துக் கிளாக்கர் செல்லையா. பால்வெட்டுக் கத்தியும் வாளியும் வாங்கக் கடைக்கு வருவார். மாதம் ஒருமுறை தோட்டத்து வேலையாகக் கொழும்புக்குப் போய்வருவார். ஒருமுறை அவர் கையில் ராத்தா தையல்காரரின் அளவு நாடாவைக் கொடுத்தனுப்பினார்.

"ஜன்னல எண்ணிட்டேங்க. பத்து" என்றார் திரும்பி வந்த செல்லையா. "சீட்ட மட்டும் அளக்க முடியலீங்க. அதுல ஒரு அம்மா உக்காந்திருந்திச்சு. எந்திரிங்க அளக்கணும்னு சொன்னா என்னா நெனப்பாங்க?"

"எறங்கின பொறகு அளந்தீக்கலாமே."

"கொழும்பு வரைக்கும் எறங்கலீங்களே." நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்த செல்லையா, பிஸ்கட் டின் மேடையைக் குனிந்து பார்த்தார். "இவங்க எல்லாம் எங்கம்மா போகப்போறாங்க?"

"தெரியா. பொட்டி வந்தாத்தான் போறது."

"நாங்களும் அப்படித்தாங்க" என்றார் செல்லையா. குடியுரிமை இந்தியாவுக்கா இங்கேயேயா என்று அவர் போட்ட மனுவுக்கும் ஆறு வருஷமாகப் பதில் வரவில்லை. ராத்தா அவருக்கு இன்னொரு கோப்பி ஊற்றினார்.

முதலில் தள்ளுபடியானது சாப்பாட்டுப் பெட்டி. அழகான பெட்டி. ஒவ்வொரு மேசையிலும் சிவப்பு லாம்பு. ராத்தா பூதக்கண்ணாடியை வைத்து அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார். "மேசைக்கு மேல போத்தல் ஈக்கிற."

"சோடாவா ஈக்கும்" என்றார் ஜமால்தீன்.

"சோடாப் போத்தலுக்கு இவ்வளவு நீட்டுக் கழுத்தா?"

சாப்பாட்டுப் பெட்டி போயிற்று.

அடுத்தது படுக்கைப் பெட்டி. மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, குட்டித் தலையணைகூட இருந்தது. அதில் ராத்தாவுக்கு எழுந்தது மார்க்கச் சந்தேகம். மேல்படுக்கையில் ஒரு கொத்தமல்லி ஆணும் கீழ்ப்படுக்கையில் ஒரு கொத்தமல்லிப் பெண்ணும் படுத்துப் போகலாமா? இதைப் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வரும்படி கணவரை அனுப்பினார். அஸர் தொழுகை முடிந்தபின் ஜமால்தீன் லெப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொத்தமல்லியைச் சொல்லாமல் மற்றதைக் கேட்டார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "பயணம் எவ்வளவு தூரம்?" என்றார்.

ஜமால்தீன் பொய் பேசாதவர். "பதினஞ்சு அடி ஈக்கும்" என்றார்.

"எங்க போற?"

"எங்கயும் இல்ல. சுத்திச் சுத்தி வாற."

லெப்பை, வெயிலில் கடையில் அதிகம் நிற்கவேண்டாம், வீட்டுக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீர் குடித்துப் படுங்கள் என்று சொல்லி அனுப்பினார். படுக்கைப் பெட்டியும் போயிற்று.

பங்குனி பாதி கழிந்துவிட்டது. நாற்பத்தைந்து பெட்டிகள் இன்னும் மிச்சம். அந்த நேரத்தில்தான் ஸுலைஹாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மஷூர், றம்புக்கணைப் பக்கத்துப் பிள்ளை, கொழும்பில் அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் கிளாக்கர். தகப்பன் இல்லை. தாயின் பேர் சித்தி மரியம், கண்டிப்பான பெண் என்று தரகர் சொன்னார். ஜமால்தீனுக்கு உள்ளுக்குள் நடுக்கம். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் இந்த மேசையில் மோதித்தான் நின்றன. முதலாவது மாப்பிள்ளையின் தகப்பன் தெரியாமல் தொப்பியைக் கழற்றி உதுவன்கந்தையில் மாட்டிவிட, ராத்தா அதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இரண்டாவது மாப்பிள்ளையின் தாய் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "இது புள்ளைக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

"இன்டைக்கி கோச்சிக் கதைய நீங்க எடுக்கப்படாது" என்றார் ஜமால்தீன், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே.

"எடுக்க மாட்டன்."

"மேசையும் தெரியப்படாது."

மேசையைத் தூக்கி ஒளிக்க முடியாது. ராத்தா புதிய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து மலையையும் தோட்டத்தையும் சுரங்கங்களையும் சேர்த்து மூடினார். நான்கு பக்கமும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, கரை பறக்காமலிருக்கச் சாம்பிராணித் தட்டு ஒன்றைப் பாரத்துக்கு வைத்தார். வீடு மணக்கட்டும் என்று அதில் சாம்பிராணியும் போட்டார்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சித்தி மரியம், அவருடைய அண்ணன், மஷூர், மூவரும். உள்ளே கால் வைத்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கூடத்தின் நடுவில் நீளமாக வெள்ளைத் துணி மூடிக் கிடந்தது. ஒரு தலைப்பில் தலை மேடு. மறு தலைப்பில் இரண்டு பாதங்கள். பக்கத்தில் சாம்பிராணிப் புகை. சித்தி மரியம் முக்காட்டை இழுத்துவிட்டு, "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று மரணத்துக்குச் சொல்வதை முணுமுணுத்தார். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். பிறகு ஜமால்தீனின் காதருகே வந்து, மெதுவான குரலில் கேட்டார்:

"எப்ப அடக்கம்?"

பெண்ணைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஜமால்தீனுக்கு மனம் குளிர்ந்தது. "எப்பவும் அடக்கம்தான்" என்றார். "சின்னதுல ஈந்தே."

அண்ணன் ஓரடி தள்ளி நின்றார்.

சர்பத்துத் தட்டோடு வந்த ராத்தா எல்லாரும் தலைகுனிந்து நிற்பதையும் சித்தி மரியம் கண்ணைத் துடைப்பதையும் கண்டார். அவர்கள் வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டதென்று எண்ணித் தட்டை வைத்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்தார். இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பொறும செய்யுங்க" என்றார் சித்தி மரியம். "நீங்களும் பொறும செய்யுங்க" என்றார் ராத்தா. யார் யாருக்காக அழுகிறோம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜமால்தீனுக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. அவசரமாகத் துணியை இழுக்கப்போய் மேசையில் கையை ஊன்றினார். கை போய் விழுந்தது துணிக்குக் கீழே இருந்த கரண்ட் பெட்டியின் திருகில். "ர்ர்ர்" என்று ஒரு சத்தம். மையித்தின், அந்தப் பிரேதத்தின், கால் பக்கம் அசைந்து, அசைவு மெல்ல வயிற்றுக்கு ஏறி, நெஞ்சுக்கு வந்து, தலையைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. சித்தி மரியத்தின் அண்ணன் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

துணியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. சித்தி மரியம் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மரியாதை குறைந்துவிடக்கூடாதென்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். "எங்கட மகனும் கோச்சியிலதான் போற வாற" என்றார். "திங்கக்கெழம போனா வெள்ளிக்கெழம வாற. செக்கன் கிளாஸ். மெத்த போட்ட சீட்."

ஜமால்தீன் கண்ணை மூடிக்கொண்டார். ராத்தா கொடுத்த வாக்கை மீறவில்லை. கதையை எடுத்தது அவரில்லையே.

"மெத்தைக்கி என்ன நெறம்?"

"நீலம்" என்றார் சித்தி மரியம்.

"பச்சையெண்டுதான் செல்லையா சென்ன."

"அப்ப பச்ச."

"மகன் செல்லட்டுமே" என்று ராத்தா மஷூர் பக்கம் திரும்பினார். மெலிந்த பிள்ளை. சட்டைக் கையை மணிக்கட்டில் பொத்தான் போட்டுப் பூட்டியிருந்தான். தாயை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்:

"எனக்குத் தெரியா. நான் உள்ளுக்குப் போனதில்ல."

"உள்ளுக்குப் போகாம எப்பிடிப் போற?"

"புட்போட்ல, வாசல் மிதிபலகையில. திங்கக்கெழம காலக் கோச்சி கண்டியில ஈந்தே நெறஞ்சிதான் வாற. தேட் கிளாஸ் டிக்கட்தான். மூணு வருஷமா வெளியிலதான் நிண்டு போற."

சித்தி மரியத்தின் முகம் சிவந்தது. மகனைப் பற்றித் தரகரிடமும் ஊரிடமும் சொல்லி வைத்திருந்த மெத்தை ஒரு நொடியில் போய்விட்டது. "மூணு வருஷமா என்னட்டயும் செல்லாமயா?" என்றார். அடுத்ததாக, "எழும்புங்க, போவம்" என்றார். அண்ணன் எழும்பவில்லை. பலகாரமாக வைத்த வட்டிலப்பத்தில் இரண்டாவது துண்டை அப்போதுதான் வாயில் வைத்திருந்தார். ஜமால்தீன் கூரையைப் பார்த்தார். மூன்றாவதும் போயிற்று.

உள்ளறைத் திரை அசைந்தது. அதற்குப் பின்னாலிருந்து, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசக்கூடாது என்பதை மறந்த ஒரு குரல் கேட்டது.

"மழ பெஞ்சா கைய எங்க புடிக்கிற?"

ராத்தாவுக்கே அந்தக் கேள்வி புதிது. ஜன்னலும் லாம்பும் மெத்தையும் கொப்பியில் நிறைந்திருந்தன. இது இல்லை. மஷூர் திரையைப் பார்த்தான்.

"கதவுக்கு ரெண்டு பக்கமும் கம்பி ஈக்கிற" என்றான். "பெயின்ட் ஈக்கிற கம்பி நனஞ்சா வழுக்கும். துருப்புடிச்ச பக்கம் வழுக்காது. நான் அதத்தான் புடிக்கிற."

"கை நோகாதா?"

"பொல்கஹவெல வரைக்கும் நோகும். அதுக்குப் பொறகு தெரியா."

சித்தி மரியம் மகனின் கையைப் பார்த்தார். பூட்டியிருந்த சட்டைக் கையைத் தானே திறந்து, உள்ளங்கையைத் திருப்பினார். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு. அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "புள்ளய வரச் செல்லுங்க" என்றார். அண்ணன் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் ராத்தா கெட்டலொக்கை முதல் பக்கத்திலிருந்து திறந்தார். இந்த முறை உள்ளே எதையும் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை ஒவ்வொரு பெட்டியின் கதவோரத்திலும் வைத்தார். அநேகமான பெட்டிகளில் கைப்பிடிக் கம்பி பெட்டியோடு சேர்ந்த வெறும் கோடு. பிடித்தால் விரல் உள்ளே போகாது. பதினேழாம் நம்பரிலும் முப்பத்திரண்டாம் நம்பரிலும் மட்டும் கம்பிக்குப் பக்கத்தில் மெல்லிய நிழல் விழுந்திருந்தது. நிழல் விழுந்தால் கம்பி தனி. இரண்டும் பார்வைக்கு லட்சணமில்லாத மண்ணிறப் பெட்டிகள், லாம்புகூட இல்லை. ஸுலைஹா கடிதம் எழுதினாள். அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ராத்தா: கடைக்கு ஊசி ஒண்டு கொண்டுபோங்க. கம்பிக்கும் பொட்டிக்கும் நடுவில ஊசி போகாட்டி வாங்க வேணாம்.

ஆவணியில் கலியாணம் முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மஷூர் பெண் வீட்டோடு வந்துவிட்டான். மார்கழியில் றஊப் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு வந்தார். ஜெர்மன் கடைக்காரன் ஊசியைக் கண்டு பயந்துபோனதையும், பிறகு அவனே பூதக்கண்ணாடி எடுத்து வந்து உதவியதையும் சொல்லிச் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்து, எட்டுக் கம்பிகளுக்குள்ளும் விட்டு எடுத்த பிறகுதான் பெட்டிகளைத் தண்டவாளத்தில் வைத்தார். கொத்தமல்லிகளும் ஏலக்காய்களும் கூரையைக் கழற்றி ஏற்றப்பட்டன. புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு கராம்பு மட்டும் உள்ளே போகவில்லை. அதை முப்பத்திரண்டாம் நம்பரின் மிதிபலகையில், துளி பசை வைத்து, கம்பியோடு சாய்த்து நிறுத்தினார்.

"மருமகனையாவது உள்ளுக்கு ஏத்தலாமே" என்றார் ஜமால்தீன்.

"உள்ளுக்கு எடமில்ல" என்றார் ராத்தா.

தைமாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் ராத்தா விடியற்காலையிலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மருமகனோடு பஸ்ஸில் ஏறினார். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா என்றார். றம்புக்கணை மேடையில் பனி விழுந்துகொண்டிருந்தது. கண்டிக் கோச்சி மலையிறங்கி வந்து நின்றபோது வாசல்தோறும் ஆட்கள் தொங்கினார்கள். மஷூர் வழக்கமான பெட்டிக்கு ஓடி, மிதிபலகையில் ஒரு காலை வைத்து, கையைத் தூக்கினான்.

"கொஞ்சம் ஈங்க மகன்."

ராத்தா அவனுடைய கையை எடுத்து அப்பால் வைத்தார். முந்தானையை இழுத்து, பனியில் நனைந்திருந்த கம்பியை மேலிருந்து கீழே அழுத்தித் துடைத்தார். பின்னால் ஏறக் காத்திருந்த ஒருவர், "அம்மே, தென் நகின்ன புளுவன்த?" என்று, இனி ஏறலாமா என்பதைச் சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். கார்ட் விசில் ஊதினார். ராத்தா முந்தானையில் நனையாத பக்கமாகப் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கம்பியையும் துடைக்கத் தொடங்கினார்.